கரை முளைத்த வேட்டி

கூவலூர்ப் பேரூராட்சியின் எட்டாவது வார்டுக்குத் தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலை, பேருந்து நிலையத்து வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த சோலையப்பனின் வெள்ளை வேட்டியில், வீட்டில் கட்டும்போது இல்லாத ஒரு கரை, இரண்டு விரல் அகலத்தில், நல்ல நீல நிறத்தில் முளைத்திருந்தது. அதை முதலில் பார்த்தவர் டீக்கடை சங்கிலி. பார்த்தவர் ஒன்றும் பதறிவிடவில்லை, சர்க்கரை குறைத்த டீயை வழக்கம்போல வண்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு, "என்ன சோலை, தேர்க் கட்சியில சேந்துட்டியா, சொல்லவேயில்ல," என்று மட்டும் கேட்டார்.

சோலையப்பன் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்து கரியை ஊதினான், ஏனென்றால் நெருப்பு அணைந்துகொண்டிருந்தது, கூட்டுறவு வங்கி மேலாளரின் ஆறு சட்டைகள் பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

கூவலூரில் ஒருவர் யார் என்பதை அவர் முகத்தைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்வதில்லை, வேட்டிக் கரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். பச்சைக் கரை என்றால் குடக் கட்சி, மஞ்சள் என்றால் பூட்டுக் கட்சி, நீலம் என்றால் தேர்க் கட்சி. கல்யாணத்துக்கும் அதே கரை, துஷ்டிக்கும் அதே கரை, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதும் அதே கரை. இந்த மூன்று கரைகளும் இருபத்தாறு வருடமாகச் சோலையப்பனின் ஒரே மேஜையில்தான் சூடுபட்டன. கட்சிக்காரர்களின் வேட்டியை அவன் வெளிமடிப்பாக மடிப்பான், கரை பளிச்சென்று மேலே தெரியும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு மனதுக்குள் மட்டும் கட்சி வைத்திருக்கிறவர்களின் வேட்டியை உள்மடிப்பாக மடிப்பான், கரை உள்ளே போய்விடும், வெளியே வெறும் வெள்ளைதான். யாருக்கு எந்த மடிப்பு என்று அவன் எழுதி வைத்ததில்லை, யாரிடமும் சொன்னதுமில்லை. அவன் கட்டுவது மட்டும் கரையே இல்லாத வேட்டி. தேடித் தேடி அப்படி ஒன்றை வாங்குவான், ஒரு நூல் கறுப்புகூட ஓரத்தில் இருக்கக்கூடாது.

அப்பேர்ப்பட்டவன் வேட்டியில்தான் நீலம் முளைத்தது. பதினோரு மணிக்கு மேல் அது வெளிறி, பன்னிரண்டுக்கு மஞ்சளாயிற்று. மூன்று மணிக்கு மஞ்சளின் நடுவில் ஒரு நீல நூல் ஓடியது, சாயங்காலம் வண்டியை மூடும்போது மறுபடியும் முழு நீலம். வீட்டுக்குப் போய் அவிழ்த்துப் போட்டால் வேட்டி பச்சைப்பிள்ளை மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. மறுநாள் வேறு வேட்டி கட்டினான், அதிலும் வந்தது. கைலி கட்டினான், கட்டம் போட்ட கைலியின் ஓரத்திலும் வந்தது. மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்த பேண்ட்டைத் தேடி எடுத்துப் போட்டான், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பக்கவாட்டில் பேண்டு வாத்தியக்காரன் உடுப்பு மாதிரி ஒரு கோடு இறங்கியது. அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டு வேட்டிக்கே திரும்பினான்.

இது எதனால் என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது. போன மாசம் அவன் தன் தொழிலில் ஒரே ஒரு தவறு செய்தான், குடக் கட்சிக்காரர் வேட்டியைப் பூட்டுக் கட்சிக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டான், அவரும் கவனிக்காமல் அதைக் கட்டிக்கொண்டு தன் கட்சிப் பொதுக்குழுவுக்கே போய்விட்டார், அந்தச் சாபம்தான் இது என்றார்கள் சிலர். சாயப்பட்டறைத் தண்ணீர் என்றார்கள் சிலர். ஆனால் காரணம் பேசி என்ன ஆகப்போகிறது, தேர்தலுக்கு இருபத்தெட்டு நாள்தான் இருந்தது. ஊர் சீக்கிரமே காரணத்தை விட்டுவிட்டுக் கரையைப் பிடித்துக்கொண்டது.

காரணம் சோலையப்பனுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது, ஆனால் கரை எப்போது மாறுகிறது என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவன் ஒரு கட்சியைப் பற்றி நினைத்து, ஆமாம், இவர்கள் சொல்வதுதான் சரி என்று உள்ளே தலையசைத்தால் அந்த நிறம் வந்தது. ஆனால் தலையசைத்த அடுத்த நிமிஷமே வேறொன்று ஞாபகம் வந்துவிடும். தேர்க் கட்சி வேட்பாளர், அரிசி ஆலை வைகுண்டம், நாணயமானவர், அவர் தலைவராக இருந்தபோதுதான் எட்டாவது வார்டுக்குக் குடிதண்ணீர் வந்தது. ஆனால் அதே மனுஷன் எந்தத் தெருக்காரன் எந்தத் தெரு வழியாகச் சாமி தூக்கலாம் என்று பேச ஆரம்பித்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது. பூட்டுக் கட்சி அவன் மகளைக் கல்லூரிப் படி ஏற வைத்தது, அவர்கள் திட்டம் இல்லையென்றால் அவள் இன்றைக்கு இதே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அதே கட்சிக்காரர்கள்தான் ஆற்றைச் சுரண்டி லாரி லாரியாக மணலைக் கொண்டுபோனார்கள். அவர்கள் நிறுத்தியிருக்கிற பால்வாடி டீச்சர் ஜெபமணி ரொம்ப நல்ல பெண்தான், மணலைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

குடக் கட்சி இருக்கிறதே, அதைப் பற்றி நினைத்தால் அவனுக்கு ஒரு டீக்கடைப் பெஞ்சுதான் ஞாபகம் வரும். அவன் அப்பா நாற்பத்தைந்து வயதில் முதல்முதலாக டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் குடிக்கும் கிளாஸில் டீ குடித்தது அந்தக் கட்சிக்காரர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தெம்பு கொடுத்ததால்தான். இன்றைக்கு அந்தக் கட்சியின் அலுவலகத்துக்குத் தேய்த்த உருப்படி கொண்டுபோனால், நாற்காலிகள் பத்து கிடக்கும், உட்கார் என்று ஒருவர் சொல்வதில்லை. அப்பனை உட்கார வைத்த கட்சி தன்னை நிற்க வைக்கிறது என்று அவனுக்கு வருத்தம். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே நாள் முழுவதும் பெட்டியைத் தள்ளினால் யாருக்குத்தான் அலுக்காது. அவன் ராத்திரி வீட்டுக்கு வரும்போது கைவலியைவிட இந்த அலுப்புதான் அதிகமாக இருந்தது.

பச்சை மட்டும் வரவேயில்லை. வந்திருந்தால் பிரச்சனையே இல்லை. ஏனென்றால் குடக் கட்சியின் வேட்பாளர் கனகவேல், சோலையப்பனின் மனைவி தமயந்தியின் அண்ணன். அம்மா இல்லாத தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்து, கல்யாணம் கட்டிக்கொடுத்து, இன்றுவரை ஒரு பொங்கலுக்குச் சீர் தவறவிடாத அண்ணன். தமயந்தி குடக் கட்சி மகளிர் அணியில் இருபது வருடமாக இருக்கிறாள். எந்த ஊர்வலத்திலும் முதல் வரிசை, டிரங்குப் பெட்டியில் நான்கு பச்சைக் கரைச் சேலை, மனதில் ஒரு நாளும் ஒரு நூல் சந்தேகம் கிடையாது. அவள் புருஷன் இடுப்பில் நீலமும் மஞ்சளும் மாறி மாறி வருவதை ஊரே வேடிக்கை பார்த்தது. மகளிர் அணியில் ஒருத்தி, "என்னக்கா, அண்ணன் வேட்டி இன்னிக்கு என்ன கலரு," என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள் தமயந்தி அன்று, சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து. "நீங்க யாருக்கு வேணா போடுங்க, நான் கேக்க மாட்டேன். இருபத்தாறு வருசமா கேட்டிருக்கேனா? ஒரே ஒரு தடவை, நாலு பேரு பாக்குற மாதிரி, பச்சை வந்துட்டுப் போகட்டும். எங்க அண்ணன் முகத்துல நான் முழிக்கணும்ல."

"நானா வர வைக்கிறேன்?"

"நல்லதா நாலு விசயத்தை நினைச்சுப் பாருங்க."

அவன் நினைத்துப் பார்க்காமல் இல்லை. வண்டியில் நின்றுகொண்டு, கனகவேல் தனக்குச் செய்த நல்லதையெல்லாம் வரிசையாக நினைப்பான். மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஜீப் பிடித்துக்கொண்டு வந்தது, வீட்டுக்கு ஓடு மாற்றும்போது கூடவே நின்றது. கரை ஓரத்தில் பாசி படிந்த மாதிரி லேசாக ஒரு பசுமை தட்டும். அப்போது பார்த்துக் கனகவேலின் வேட்டியே சலவைக்கு வரும், அதன் அடியில் கரிசல் சேறு அப்பியிருக்கும். அந்தச் சேறு எங்கே இருப்பது என்று துணி துவைக்கிறவனுக்குத் தெரியாதா? துறை ஊருணியின் கீழ்க்கரைச் சேறு அது. ஊரில் துவைக்கிற பதினெட்டுக் குடும்பமும் இறங்குகிற ஊருணி. அதை மூடிவிட்டு வணிக வளாகம் கட்டுவதற்குச் சர்வேயரோடு போய் அளந்துவிட்டு வந்த சேறு. பசுமை அப்படியே வடிந்து, வேட்டி வெளுத்துவிடும். ஊருணியைத் தொட மாட்டேன் என்று ஜெபமணி டீச்சர் சொன்னது ஞாபகம் வரும், மஞ்சள் ஏறும். மணல் லாரி ஒன்று பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போகும், மஞ்சள் இறங்கும்.

இரண்டாவது வாரத்தில் ஊர் இதற்குப் பழகிப்போனது. வெயில், மழை விசாரிப்பதுபோல "சோலைக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டார்கள். "காலையில நீலம், இப்ப மங்குது" என்று பேருந்திலிருந்து இறங்குகிறவர்களுக்குச் சங்கிலி தகவல் சொன்னார். சலவைக்குக் கொடுக்கத் துணியே இல்லாதவர்கள்கூட ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து வண்டியருகே நின்றார்கள். மூன்று கட்சியும் வேப்பமரத்தடியில் கட்சிக்கு ஒரு ஆளை உட்கார வைத்தன. அவர்கள் வேலை சோலையப்பன் காதில் விழும்படி நல்லதாகப் பேசிக்கொண்டிருப்பது, மத்தியானம் மூன்று பேரும் ஒரே தூக்கிலிருந்து சாப்பிட்டுவிட்டு ஒரே நிழலில் படுத்தார்கள். நகரத்திலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்து நாள் முழுக்கப் படம் பிடித்தார்கள், ஓட்டிப் பார்த்தால் படத்தில் ஒரு மனுஷன் வெள்ளை வேட்டியோடு துணி தேய்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அவர்கள் போண்டா சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பொதுக்கூட்டம்தான் பெரிய தொல்லையாயிற்று. பேருந்து நிலையத்தில் மேடை போட்டால் ஐம்பதடி தள்ளிச் சோலையப்பனின் வண்டி. தேர்க் கட்சியின் பெரிய பேச்சாளர் ஒருவர் வந்து, குரல் ஏற்ற இறக்கத்தோடு, "இந்த மண்ணில் வேற்றுமை பார்க்காத ஒரே இயக்கம்," என்று முழங்கியபோது, கூட்டம் மொத்தமும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தது. அந்த வாக்கியம் முடிவதற்குள் நீலம் உதிர்ந்து வேட்டி வெளுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கக்கூட இல்லை, பலர் தங்கள் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்திலிருந்து மூன்று கட்சியும் பேசி ஒற்றுமையாக மேடையைச் சந்தைப்பேட்டைக்கு மாற்றிக்கொண்டன. அந்தத் தேர்தலில் மூன்று கட்சியும் சேர்ந்து எடுத்த ஒரே முடிவு அதுதான்.

ஆட்கள் தனித்தனியாக வரத் தொடங்கினது அதற்குப் பிறகுதான். வண்டி மூடும் நேரமாகப் பார்த்து, சும்மா வந்தவர்கள் மாதிரி வருவார்கள். வருவாய்த்துறை எழுத்தர் நாகலிங்கம், உள்மடிப்புக்காரர், ஒருநாள் வந்து வண்டிச் சக்கரத்தில் காலை வைத்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு வெளியே தெரியுது சோலை. எனக்கு உள்ளேயே ஓடுது. முப்பது வருசமா ஒரே கட்சிக்குத்தான் போடுறேன். பிடிச்சுப் போடல. மாத்தணும்னா மறுபடி முதல்ல இருந்து யோசிக்கணும் பாரு, அந்த அலுப்புக்குப் பயந்துதான் போடுறேன்."

"எனக்கும் அலுப்புத்தாங்க சார்," என்றான் சோலையப்பன்.

"உன்னது பரவால்ல. யோசிச்சு வந்த அலுப்பு." அவர் தன் உருப்படியை வாங்கிக்கொண்டு, மடிப்பைத் தடவிப் பார்த்து, கரை உள்ளேதான் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு போனார்.

பச்சை ஒரே ஒரு நாள் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வீட்டு வாசலில் தமயந்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொள்ளுத்தாத்தா முதல்முதலாகப் பெஞ்சில் உட்கார்ந்த கதையைச் சொல்லு என்று பேரப்பிள்ளை போனில் கேட்டிருக்கிறான் போல. அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் கிளாஸைப் பிடித்த கை எப்படி நடுங்கியது, டீ எப்படி வேட்டியில் சிந்தியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் தன் துண்டால் எப்படி அதைத் துடைத்துவிட்டார். தானே கூட இருந்து பார்த்தவள் மாதிரி சொன்னாள், மாமனார் அவளிடம் அத்தனை தடவை சொல்லியிருந்தார். உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்த சோலையப்பன் குனிந்தபோது, கரை பச்சையாக, வாழைக்குருத்துப் பச்சையாக, இடுப்பிலிருந்து தரை வரை ஓடியிருந்தது.

"தமயந்தி, இந்தா பாரு, வா," என்று ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினான். அவள் போனை வைத்துவிட்டு முறத்தையும் போட்டுவிட்டு எழுந்தாள். தெருவில் எதிர்வீட்டுச் சுவரில் அண்ணன் கனகவேலின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. சோலையப்பனின் கண் தற்செயலாக அதில் பட்டது. அவள் அருகில் வருவதற்குள் வேட்டி வெள்ளையாகிவிட்டது.

"வந்துச்சு," என்றான். "சத்தியமா வந்துச்சு."

தமயந்தி குனிந்து அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரி," என்று சொல்லிவிட்டு, சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளினாள். அவளுக்கு அழுகை வந்தது, அவனுக்கும் வந்தது, ஆனால் இரண்டு பேரும் அரிசியைத்தான் பொறுக்கினார்கள்.

அன்று சாயங்காலம் கனகவேலே வண்டிக்கு வந்தார். பச்சைக் கரை பளபளக்க, தனியாக வந்தார். "மாப்ள, ஊருக்கு முன்னாடி என்னைய இப்படிக் குனிய வைக்கிறீங்களே, நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?" என்றார். குரலில் கோபத்தைவிட ஆற்றாமைதான் இருந்தது.

"எனக்கு ஒரு குறையும் வைக்கல மச்சான். ஊருணியத்தான்…"

"ஊருணி எல்லாம் பெரிய இடத்து முடிவு. நான் மாட்டேன்னா இன்னொருத்தன் மூடுவான். இதுக்குப் போயி சொந்தத்தை விடுவீங்களா?" அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஓட்டு, ரெண்டு ஓட்டுலதான் நிக்கும்னு சொல்றாங்க. தோத்தேன்னு வைங்க, என் தங்கச்சி என் வாசப்படி மிதிக்கக்கூடாது. அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்."

சோலையப்பன் அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, சங்கிலி கடை வழியாக அவனுக்கு முன்பே அது வீட்டுக்குப் போயிருந்தது.

வாக்குப்பதிவு அன்று காலை ஏழரை மணிக்குச் சோலையப்பன் நீலக் கரையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனான். வாசலிலிருந்து நூறு மீட்டரில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது, அந்தக் கோட்டுக்கு உள்ளே கட்சி நிறம் வரக்கூடாது. காவலுக்கு நின்ற ஏட்டு அவன் வேட்டியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"கரை வேட்டியோட உள்ள விட முடியாதுங்க. மாத்திட்டு வாங்க."

"மாத்துனாலும் வரும் ஐயா."

ஏட்டு வெளியூர்க்காரர், நம்பவில்லை. அவர் கண்முன்னேயே நீலம் மஞ்சளானதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, உள்ளே போய்த் தேர்தல் அதிகாரியைக் கூட்டி வந்தார். அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கட்சி நிறம் அணிந்து வருவதைப் பற்றி இருந்தது, தானாக வரும் நிறத்தைப் பற்றி எதுவும் இல்லை. கடைசியில் அவர் நியாயமாகவே ஒரு முடிவு சொன்னார், கரை எப்போது இல்லையோ அப்போது உள்ளே வரலாம், ஆறு மணி வரை நேரம் இருக்கிறது. அப்படித்தான் சோலையப்பன் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றான்.

நாள் முழுக்க நின்றான். ஊர் அவனைத் தாண்டிப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு அவனைத் தாண்டி வந்தது. போகிறவர்கள் கரையைப் பார்த்தார்கள், வருகிறவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். வெயில் ஏறிற்று. வைகுண்டம் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ஜெபமணி டீச்சர், "அண்ணே, நிழல்ல நில்லுங்க," என்றாள். கனகவேல் எதிரே பந்தலில் உட்கார்ந்து அவனைப் பார்க்காமலிருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார். தமயந்தி சாதாரணச் சேலையில் வந்து, காலையிலேயே ஓட்டுப் போட்டு, வீட்டுக்குப் போய்ப் பச்சைக் கரைச் சேலைக்கு மாறி, அண்ணன் பந்தலில் வேலை பார்த்து, இரண்டு மணிக்கு மேல் பொறுக்கமாட்டாமல் ஒரு செம்பில் மோரும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு, அண்ணன் கண் எதிரே கோட்டுக்கு வந்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போயிரட்டா?" என்றான் அவன், மோரைக் குடித்துவிட்டு. "நான் போடாட்டி என்ன இப்ப. கால் வலிக்குது."

"போனீங்கன்னா எங்க அண்ணனுக்குப் பயந்து போயிட்டீங்கன்னு சொல்லுவாங்க. நில்லுங்க."

குடை பிடித்துக்கொண்டு அவளும் நின்றாள். நீலம் வெளிறி முடிவதற்குள் மஞ்சள் வந்தது. மஞ்சள் வெளிறி முடிவதற்குள் நீலம் வந்தது, ஒரு நிமிஷம்கூட வேட்டி வெளுக்கவில்லை. ஒவ்வொன்றும் வரும்போது அவன் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான், இதுதான், இவர்கள்தான், இத்தோடு முடிந்தது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். சொல்லும்போதே மணல் லாரி, சாமி தூக்கும் தெரு, காலியாகக் கிடக்கும் பத்து நாற்காலி என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஐந்தரை மணிக்கு ஏட்டு வந்து, "இன்னும் அரை மணி நேரந்தாங்க இருக்கு. எப்பத்தாங்க வெளுக்கும்?" என்று பரிதாபமாகக் கேட்டார். அவருக்கும் காலையிலிருந்து நின்று கால் வீங்கியிருந்தது.

சோலையப்பன் குடைப் பக்கம் திரும்பினான். தமயந்தியிடம் சொன்னான். "எனக்குத் தெரியல புள்ள. ஒருத்தரும் முழுசா நம்ம ஆளு இல்ல. யோசிச்சு யோசிச்சு, ஒருத்தராவது முழுசா இருப்பாங்கன்னு தேடிக்கிட்டே இருக்கேன். இல்ல. இல்லாமத்தான் போடணும் போல."

அப்படி அவன் வாய்விட்டுச் சொன்னபோது, கரை மெல்ல, துணியை அலசும்போது நுரை போவதுபோலப் போய், வேட்டி கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த வெள்ளைக்கு வந்தது. ஏட்டு வழிவிட்டார். ஐந்து ஐம்பதுக்கு அவன் உள்ளே போனான், ஐந்து ஐம்பத்தாறுக்கு வெளியே வந்தான். பள்ளிக்கூடத்து வாசலில் ஊரில் பாதி நின்றது, எல்லோர் கண்ணும் அவன் வேட்டியில். வெள்ளை. ஓரத்தில் ஒரு நூல்கூட இல்லாத வெள்ளை. ஊர் ஏமாற்றத்தோடு கலைந்து வீட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகு அவன் வேட்டியில் கரை வரவில்லை. நான்காம் நாள் எண்ணினார்கள். பூட்டுக் கட்சிக்கு இருநூற்றுப் பதினொன்று, குடக் கட்சிக்கு இருநூற்றுப் பத்து, மற்றது தேர்க் கட்சிக்கு. இரண்டு தரம் எண்ணியும் ஒரே ஓட்டில் கனகவேல் தோற்றிருந்தார்.

அன்று மத்தியானம், வெடிச் சத்தம் தெருவரை கேட்டுக்கொண்டிருந்தபோது, தமயந்தி வீட்டுப் பின்பக்கம் வாக்குப்பதிவு நாளின் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். நான்கு நாளாக ஊறப்போட மறந்து ஒதுங்கிக் கிடந்த வேட்டி. பிழிந்து உதறியபோது, இடுப்பில் முதலில் செருகுகிற முனையில், மற்றதெல்லாம் அதன்மேல் சுற்றி மறைத்துவிடுகிற இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் தெரிந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. அவிழ்த்துப் போட்ட பிறகும் போகாத கரை இது ஒன்றுதான். அவள் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றுப் பத்து என்று மனதுக்குள் இரண்டு மூன்று முறை ஓடியது. அண்ணன் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தது ஞாபகம் வந்தது, அந்த வேட்டியைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றும் வந்தது.

வாசலில் அண்ணன் குரல் கேட்டபோது வேட்டி அவள் மடியில் ஈரமாக இருந்தது. கனகவேல் முற்றத்தில் நின்றுகொண்டே பேசினார், உட்காரவில்லை. கண் சிவந்திருந்தது.

"அன்னைக்கு அவன் கட்டியிருந்த வேட்டியக் காட்டு தாயி. ஊரு நாலு விதமாப் பேசுது. நான் பாக்கணும்."

"ஈரமா இருக்குண்ணே. தேச்சுத் தர்றேன், பாரு."

வீட்டில் இருந்த இரண்டாவது பெட்டியில் கரி போட்டு, ஊதி, அவர் எதிரிலேயே மேஜை மேல் வேட்டியை விரித்தாள். ஈரத்தில் பெட்டி பட்டு ஆவி எழும்பியது. இருபத்தாறு வருடம் புருஷன் மடித்ததைப் பார்த்தவள், கை தானாகவே வேலை செய்தது. முனையை உள்ளே தள்ளி, அதன்மேல் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு, ஓரத்தைத் தடவி அழுத்தி, ஆயுளில் முதல்முறையாகத் தமயந்தி ஒரு வேட்டியை உள்மடிப்பாக மடித்து அண்ணன் கையில் கொடுத்தாள். கனகவேல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்சிக்காரர் இல்லையா, கரை எப்போதும் வெளியே இருக்கும் இடத்தில்தான் பார்த்தார்.

"பெட்டி மேல கை வெச்சுச் சொல்லு," என்றார்.

சூடான பெட்டியின் பிடியில் கை வைத்துக்கொண்டு அவர்கள் ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள், அது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். தமயந்தி பெட்டியைப் பிடித்தாள். "இது கரையில்லாத வேட்டிண்ணே. ஜவுளிக்கடையில நானும் கூட நின்னுதான் தேடி எடுத்தோம். கரையில்லாமத்தான் வாங்குனோம்."

கனகவேல் தங்கை முகத்தைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. வேட்டியை மேஜையில் வைத்துவிட்டு, "பொங்கலுக்கு வா," என்றும் சொல்லாமல், "வராத," என்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் சோலையப்பன் வந்தபோது மடித்த வேட்டி மேஜையிலேயே இருந்தது. அவன் மடிப்பைப் பார்த்தான், வெளியில் தெரியாத மடிப்பு, யார் மடித்தது என்றும் எதற்காக என்றும் அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊருணிப் பக்கமிருந்து காற்று வந்தது.

தமயந்தி, அவன் பக்கம் திரும்பாமலே, இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டாள். "மனசு ஒத்துத்தான் போட்டீங்களா?"

"முழுசா இல்ல," என்றான் சோலையப்பன். "ஒரு விரல் அளவுக்கு."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து, பெட்டியில் மிச்சமிருந்த சூட்டில் தன்னுடைய பச்சைக் கரைச் சேலையை எடுத்து விரித்து, எந்தப் பக்கமாக மடிப்பது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.